காசநோய்க்காரருக்கு மாதம் ஆயிரம் ரூபாய்... வாங்குவது எப்படி? சாப்பிடுவது எப்படி?

பத்தியம் சொல்வது எங்களுக்குச் சுலபம். ‘தினம் ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், பருப்பு நிறையச் சேர்த்துக்குங்க’ என்று மருந்துச் சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு போகிறவர் பீடி சுற்றுகிறவராகவோ, கொத்தனாருக்குச் சித்தாளாகப் போகிறவராகவோ இருப்பார். நோய் வந்ததும் முதலில் நிற்பது வேலை. வேலை நின்றால் கூலி நிற்கும். அப்புறம் அந்த முட்டைக்கும் பாலுக்கும் அவர் எங்கே போவார், சொல்லுங்கள்?

இந்தக் கேள்விக்குப் பதிலாக ஓர் உதவி இருக்கிறது. காசநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒவ்வொருவருக்கும் சத்துள்ள சாப்பாட்டுக்கென்றே மத்திய அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. ‘நிக்ஷய் போஷண் யோஜனா’ என்று பெயர். 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பர் 1 முதல் 1000 ரூபாய் ஆனது. ஏழை, பணக்காரர் என்ற பேச்சே இதில் கிடையாது. ரேஷன் கார்டு என்ன நிறம் என்றும் கேட்பதில்லை. நோய் உறுதியாகி, பெயர் பதிவானால் போதும்.

என்னிடம் இருமலுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களில் சிலரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். நோய் உறுதியாகித் திரும்பி வரும்போது கேட்டால், பாதிப் பேருக்கு இந்தப் பணத்தைப் பற்றித் தெரிவதில்லை. தெரிந்து வாங்கியவர்களிலும் பலர் அதைச் சாப்பாட்டுக்குச் செலவழிப்பதில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன். மூலிகை அடுத்த மாதம்!

சாப்பாடும் ஒரு மருந்தா?

‘காசநோய் கிருமியால் வருவது. மாத்திரை கிருமியைக் கொல்லும். இதில் சாப்பாட்டுக்கு என்ன வேலை?’ என்று படித்தவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பின்னால் நம்ம சென்னையில் நடந்த ஒரு பழைய கதை இருக்கிறது.

மாத்திரை வருவதற்கு முந்தைய காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, கறி... இவ்வளவுதான். அதற்காகவே சானடோரியங்கள் கட்டினார்கள். சென்னை மின்சார ரயிலில் போகிறவர்கள் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து அங்கே ஆரம்பித்த காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது.

மாத்திரைகள் வந்த பிறகு, 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் அதுதான். ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும், இன்னொரு பகுதியை அவரவர் வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மாத்திரையை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி, உடல் உழைப்பும் அதிகம். ஆனாலும் வருஷக் கடைசியில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணம்! 1959-ல் வெளியான இந்த முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடின. வீட்டில் இருந்தபடியே வைத்தியம் என்பது அங்கிருந்துதான் வந்தது. ஏழைகளுக்கு அது பெரிய வரம். எத்தனையோ குடும்பங்கள் பிரியாமல் பிழைத்தன.

ஆனால் கூடவே ஒரு தப்பான அர்த்தமும் ஒட்டிக்கொண்டது. ‘மாத்திரை இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை’ என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆராய்ச்சி சொன்னது அதுவல்ல. சளியில் கிருமி போவதற்கு ஆஸ்பத்திரிப் படுக்கையும் சானடோரியச் சாப்பாடும் கட்டாயமில்லை என்றுதான் அது சொன்னது. நோயாளி எழுந்து வேலைக்குப் போகிறாரா, இடையில் உயிர் போகிறதா, அவர் வீட்டுப் பிள்ளைக்கு நோய் வருகிறதா... இவை வேறு கேள்விகள்.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் வர ரொம்ப வருஷமாயிற்று. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நாலு மாவட்டங்களில் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோரும் அவர்கள் குழுவினரும் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2,800 காசநோயாளிகளுக்கு மாத்திரையோடு மாதம் பத்துக் கிலோ உணவுப் பொருள்களும் வைட்டமின் மாத்திரையும் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய்... அவ்வளவுதான். கப்பலில் வந்த டானிக் எதுவும் அதில் இல்லை! வந்தவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள்.

2023-ல் முடிவு வெளிவந்தது. முதல் இரண்டு மாதத்தில் யாருக்கு எடை கூடியதோ அவர்களுக்குச் சாவு குறைந்தது. எடை ஒரு சதவீதம் கூடினால் இறக்கும் அபாயம் 13 சதவீதம் குறைவு. ஐந்து சதவீதம் கூடினால் 61 சதவீதம் குறைவு. கணக்காகச் சொல்கிறேன்: 36 கிலோ இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஐந்து சதவீதம் என்பது 1 கிலோ 800 கிராம். இரண்டு மாதத்தில் இரண்டு கிலோகூட இல்லை. அந்த எடைக்குள் ஓர் உயிர் இருக்கிறது.

இன்னொரு முடிவு இதைவிட முக்கியம் என்பது என் அபிப்பிராயம். நோயாளிகளின் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில், ஒரு பாதிக் குடும்பத்தாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி வெளிப்படும் நுரையீரல் காசம் 48 சதவீதம் குறைந்தது. அதாவது ஒன்றரைக் கிலோ பருப்பு தடுப்பு மருந்தின் வேலையைச் செய்திருக்கிறது!

சரி, பணத்துக்கு வருவோம்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைதல், சளியில் ரத்தம்... இதில் எது இருந்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சளிப் பரிசோதனை இலவசம். நோய் என்று உறுதியானால் உங்கள் பெயரை ‘நிக்ஷய்’ கணினியில் பதிந்து, உங்களுக்கென்று ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு பணம் வராவிட்டால் அதை வைத்துத்தான் தேட முடியும்.

தனியார் டாக்டரிடம் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கும் இந்தப் பணம் உண்டு. இது பல பேருக்குத் தெரியாது. காசநோயாளியைக் கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் தனியாருக்கும் கட்டாயம். ஆகவே, ‘டாக்டர், என் பெயரைப் பதிஞ்சாச்சா?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பதியும்போது வங்கிப் பாஸ்புக்கும் ஆதார் அட்டையும் கொண்டு போங்கள். சொந்தக் கணக்கு இல்லாவிட்டால் குடும்பத்தில் ஒருவர் கணக்கை அவர் சம்மதத்தோடு கொடுக்கலாம். முடிந்தவரை நோயாளி பெயரிலேயே கணக்கு இருப்பது நல்லது, முக்கியமாகப் பெண்களுக்கு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ரொம்ப நாளாகப் பணம் போடாத, எடுக்காத கணக்கு என்றால் வங்கியில் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். தூங்கிப்போன கணக்கில் பணம் ஏறாது.

மாதாமாதம் ஆயிரம் என்று காத்திருக்காதீர்கள். பணம் இரண்டு தவணையாக முன்கூட்டியே வருகிறது. நோய் உறுதியாகிப் பதிவானதும் 3000 ரூபாய். சிகிச்சையில் 84 நாள் முடிந்ததும் இன்னொரு 3000. ஆறு மாத வைத்தியத்துக்கு ஆக மொத்தம் 6000. ஆறு மாதத்துக்கு மேல் மருந்து சாப்பிட வேண்டியிருந்தால், கூடுதல் ஒவ்வொரு மாதத்துக்கும் ஆயிரம். பணம் வரவில்லை, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

இதோடு தனியாக, உடம்பு ரொம்ப மெலிந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சத்து மிகுந்த உணவு கொடுக்கவும் ஏற்பாடு இருக்கிறது. மெலிந்தவர் என்று எதை வைத்துச் சொல்வது? எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் வைத்து இரண்டு தடவை வகுங்கள். 150 சென்டிமீட்டர் உயரம், 36 கிலோ எடை என்றால் 36-ஐ ஒன்றரையால் வகுத்தால் 24. திரும்பவும் ஒன்றரையால் வகுத்தால் 16. இது 18.5-க்குக் கீழே இருந்தால் மெலிவு. அந்த உயரத்துக்கு 42 கிலோவாவது இருக்க வேண்டும்.

இந்த எண் 14, அல்லது அதற்கும் கீழே என்றால் அது ஆபத்துக் கட்டம். 16-க்குள் இருந்து இரண்டு காலிலும் வீக்கம் இருந்தாலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்ஸிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா... இவ்வளவையும் பார்த்து, மோசமானவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். அப்படிச் சேரச் சொன்னால், ‘வீட்டிலே பிள்ளைகளை யார் பார்ப்பா’ என்று மறுக்காதீர்கள்.

இன்னும் ஓர் உதவி: 2022 செப்டம்பர் முதல், விருப்பப்பட்ட தனி மனிதர்களும் சங்கங்களும் கம்பெனிகளும் நோயாளிகளைத் தத்தெடுத்து மாதாமாதம் உணவுக் கூடை கொடுக்கலாம். ‘நிக்ஷய் மித்ரா’ என்கிறார்கள். பெரியவர் ஒருவருக்கு மூன்று கிலோ தானியம், ஒன்றரைக் கிலோ பருப்பு, கால் கிலோ எண்ணெய், ஒரு கிலோ பால் பவுடர் அல்லது நிலக்கடலை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயருக்கு இது வருமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வசதி இருக்கிற வாசகர்கள் கொடுக்கிற பக்கத்தில் சேரலாம், அதற்கும் அங்கேயே கேட்கலாம்.

இதையெல்லாம் பிச்சை என்று நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. இத்தாலியில் கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய் உள்ளவர்களுக்கு, கோதுமை கலக்காத உணவு வாங்க அரசே மாதம் ஒரு தொகை கொடுக்கிறது. இங்கிலாந்தில் அதே நோய்க்கு ரொட்டியையும் மாவையும் டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதித் தரலாம். பத்தியம் மருந்தின் ஒரு பாதி என்று அந்த நாடுகள் ஒப்புக்கொண்டதற்கு இதுவே சாட்சி. நம்ம ஊரில் சிறுநீரக நோயாளிக்கோ சர்க்கரை நோயாளிக்கோ இப்படி மாதப் பணம் இல்லை. நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023 மே மாதத்தில் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது ஒரு சின்ன நல்ல தொடக்கம்.

‘முட்டை சூடில்லா, டாக்டரய்யா?’

இப்போது எங்கள் சித்த வைத்தியத்தின் பேரால் நடக்கும் ஒரு கூத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குப் பத்தியம் பற்றி விலாவாரியாகப் பாடம் உண்டு. பற்பம், செந்தூரம் போன்ற கடுமையான மருந்துகளைக் கொடுக்கும்போது உப்பு, புளி, சில காய்கள், கருவாடு, எண்ணெய்ப் பலகாரம் இவற்றை நீக்கச் சொல்வோம். அதுவும் அந்த மருந்து சாப்பிடும் நாளுக்கு மட்டும்! மருந்து முடிந்ததும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப மறுபத்தியம் என்று ஒரு முறை இருக்கிறது. பத்தியம் என்ற சொல்லுக்கே ‘உடம்புக்கு ஒத்தது’ என்றுதான் பொருள். தள்ளுவது அதில் பாதி, கொள்ளுவது பாதி.

நம்ம ஜனங்கள் தள்ளுகிற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். யாருக்கு என்ன நோய் வந்தாலும் உப்பில்லாக் கஞ்சி! ‘முட்டை சூடு. நிலக்கடலை பித்தம். பால் சளி. பருப்பு வாயு. மீன் கரப்பான்.’ இந்த ஐந்தையும் தள்ளிவிட்டால் ஏழை வீட்டில் மிச்சம் என்ன இருக்கிறது? சோறும் ரசமும்தான். காசநோயை எங்கள் நூல்கள் சயம் என்கின்றன. சயம் என்றால் தேய்வது. உடம்பு தேய்கிற நோய்க்குத் தேய்க்கிற சாப்பாட்டைக் கொடுத்தால் எப்படி?

போன வருஷம் ஓர் இளம் தாய். இரண்டு பிள்ளைகள். ஒன்றரை மாதமாக மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் எடை முக்கால் கிலோ இறங்கியிருக்கிறது. மாமியாரும் கூட வந்திருந்தார். நல்ல மனுஷி, மருமகள் மேல் உயிர். ‘நாந்தான் ஐயா பத்தியம் பாத்துப் பாத்துக் குடுக்கேன். காலைல கஞ்சி, மத்தியானம் மிளகு ரசம், ராத்திரிக்கி ரெண்டு இட்லி. முட்டையை வீட்டுப் பக்கமே விடல’ என்றார் பெருமையாக. மூவாயிரம் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். மூத்தவனுக்கு வேன் பீஸ் கட்டியாயிற்றாம். மருமகள் தலை குனிந்திருந்தார்.

அந்த அம்மாவிடம் நான் முட்டை நல்லது என்று வாதாடவில்லை. ‘அம்மா, இது வேற மருந்து. இந்த மருந்துக்குப் பத்தியமே முட்டையும் கடலையும்தான். தப்பினா மருந்து ஏறாது’ என்றேன். சீட்டிலும் ‘கடும் பத்தியம்: தினம் முட்டை 2’ என்று எழுதிக் கொடுத்தேன். பத்தியம் என்றதும் அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. அடுத்த மாதம் வரும்போது எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. முட்டையை அவரே நின்று அவித்துக் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம்!

பெண் பெயரில் கணக்கு இருக்கட்டும் என்று சொன்னது இதனால்தான். நம் வீடுகளில் எல்லாருக்கும் போட்டது போக மிச்சம் சாப்பிடுவது அவள்தான். பணம் கணவன் கணக்குக்குப் போனால் அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும், யாரும் தின்று ஏமாற்றினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் கையில் வந்தாலும் பிள்ளைகளுக்கே போகும். அதனால் வந்த பணத்தில் முதலிலேயே முட்டை, கடலை, பயறு வாங்கி ஒரு டப்பாவில் வைத்து, ‘இது அம்மா மருந்து’ என்று பிள்ளைகளிடமே சொல்லிவிடுங்கள். ஆனாலும் தாயின் தட்டில் முட்டையும் பிள்ளை தட்டில் வெறும் சோறும் இருந்தால் எந்தத் தாய்க்கு இறங்கும்? அரை முட்டை அங்கே போகத்தான் செய்யும். போகட்டும். ஜார்க்கண்ட் கணக்குப்படி அதுவும் மருந்துதான்.

நாளைக்கு 33 ரூபாய்

ஆயிரத்தை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 33 ரூபாய். என்ன வாங்கலாம்? இரண்டு முட்டை, 30 கிராம் நிலக்கடலை (ஒரு கைப்பிடி), 200 மில்லி பால், மிச்சத்தில் ஒரு வாழைப்பழமோ முருங்கைக்கீரையோ. விலை ஊருக்கு ஊர் ஏறி இறங்கும், ஆனாலும் ஏறக்குறைய இதற்குள் அடங்கும்.

காசநோயாளிக்கு, அவர் இருக்க வேண்டிய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும், 40 கலோரியும் வேண்டும். இருக்க வேண்டிய எடை 45 கிலோ என்றால் புரதம் 54 கிராமுக்குக் குறையக் கூடாது. 1800 கலோரி வேண்டும். மேலே சொன்ன முட்டை, கடலை, பால் மூன்றிலும் சேர்த்து 26 கிராம் புரதம் கிடைத்துவிடுகிறது. ரேஷன் அரிசி 300 கிராமில் இருபதுக்கு மேல். ரேஷன் துவரம் பருப்பு 50 கிராமில் பதினொன்று. கணக்கு நேராகிவிட்டது! டின்னில் அடைத்த சத்துப் பவுடர் எதற்கு? அந்த ஒரு டின் விலைக்கு அரை மாதத்து முட்டை வரும். ‘டாக்டர், எந்தப் பவுடர் நல்லது?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் பொரிகடலைப் பவுடர்தான்.

முட்டை சாப்பிடாதவர்கள் பயறு பக்கம் போங்கள். காலையில் வெறும் கஞ்சிக்குப் பதில் அரிசியோடு மூன்றில் ஒரு பங்கு பாசிப்பயறு சேர்த்துக் காய்ச்சுங்கள். எங்கள் நெல்லைப் பக்கத்து உளுந்தங்களி இருக்கிறதே, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறியது, எடை ஏற அதற்கு நிகர் கிடையாது. சாயங்காலம் சுண்டல். மத்தியானம் தயிர். சோயாவும் சேர்க்கலாம்.

பசியே எடுக்கவில்லை, பார்த்தாலே குமட்டுகிறது என்பவர்கள் மூன்று வேளையை ஆறு வேளையாக்குங்கள். கஞ்சியில் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் அளவு கூடாமலே கலோரி கூடும். இஞ்சியும் எலுமிச்சம்பழமும் தாராளமாகச் சேர்க்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் விட்டதும் பசி தானாகத் திரும்பும். அந்த நேரத்தில் அடுப்பில் ஏதாவது இருக்கட்டும்.

சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பவர்கள் கருப்பட்டிக் களியையும் இனிப்புக் கஞ்சியையும் விடுங்கள். முட்டை, பயறு, கடலை, கீரை உங்களுக்கும் அப்படியே பொருந்தும். காசநோய் மாத்திரைகளில் ரிபாம்பிசின் என்று ஒன்று, சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் முதல் மாதத்திலேயே சர்க்கரையைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ரிபாம்பிசின்தான் சிறுநீரைச் செம்மஞ்சளாக்குவது. அதைப் பார்த்து ‘உடம்பு சூடாயிட்டுது’ என்று முட்டையை நிறுத்திவிடாதீர்கள்!

தள்ள வேண்டியது

உண்மையிலேயே தள்ள வேண்டியவையும் உண்டு. முதலில் மது, ஒரு சொட்டுக்கூடக் கூடாது. இந்த மாத்திரைகள் ஈரல் வழியாகப் போகிறவை. பீடி, சிகரெட்டும் அப்படியே நிற்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தைக் காசநோய் மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

மீன் சாப்பிடலாமா? தாராளமாக. ஒன்றை மட்டும் தவிருங்கள்: சூரை மீன். ஐசோனியாசிட் மாத்திரை சாப்பிடும் சிலருக்குச் சூரையைத் தின்றதும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை வலிக்கும். மீன் பழசாக இருந்தால் இன்னும் மோசம். மற்ற மீன்களும் புதிதாக இருக்கும்படி பார்த்து வாங்குங்கள்.

சித்த மருந்து சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். கேட்காவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம். காசநோய்க் கிருமியைக் கொல்ல அரசு கொடுக்கும் மாத்திரைதான் வேண்டும், ஆறு மாதமும் முழுசாக வேண்டும். அதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தால் நான் வைத்தியம் பார்ப்பதில்லை, திருப்பி அனுப்பிவிடுவேன். தூதுவளை ரசம், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் என்று சமையலில் சேர்வதற்குத் தடையில்லை. பற்பம், செந்தூரம், லேகியம் என்று மருந்தாக எதைச் சாப்பிட்டாலும் காசநோய் டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடாதீர்கள். கண் மஞ்சளானாலோ, சாப்பாட்டை வெறுத்துத் தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் உள்ள மற்றவர்களை, குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளையும் சர்க்கரை உள்ள பெரியவர்களையும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் பரிசோதித்துவிடுங்கள். நோய் இல்லை என்றால் தடுப்பு மாத்திரை தருவார்கள். கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கும். நோயாளிக்கு வந்த பணம் நோயாளிக்கே நிற்க இதுவும் ஒரு வழி.

எடை பார்க்கும் மிஷினை மாதம் ஒரு தடவையாவது தொடுங்கள். ஒரே மிஷினில், ஒரே மாதிரித் துணியில் பார்த்து, மாத்திரை அட்டையின் பின்னாலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். இரண்டாவது மாதக் கடைசியில் அந்த எண் ஏறவில்லை என்றால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாலும், இரண்டாவது தவணைப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மருந்து கிருமியைப் பிடிக்கவில்லையா, சர்க்கரை மறைந்திருக்கிறதா, இல்லை முட்டை வேறு தட்டுக்குப் போகிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.